கூரைக்கு ஒரு நீதி, ஓடைக்கு ஒரு நீதியா? - கொல்லிமலை நீர்மின் திட்டத்தை முன்வைத்து

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை இந்த மாநிலம் காணாத உச்சம் அது. வெயில் கொளுத்தியது, வசதி உள்ளவர்கள் ஏ.சி.யை ஓடவிட்டார்கள், மீட்டர் ஏறியது.

இன்னொரு எண்ணையும் இதன் பக்கத்தில் வையுங்கள். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் மின்வாரியம் கையில் எடுத்திருக்கும் நீர்மின் திட்டத்தின் திறன் 20 மெகாவாட். அந்த உச்சத் தேவையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காக ஒரு மலையின் ஓடைகளை மறித்துத் திருப்புகிறார்கள். அந்த ஓடைகளை நம்பி வாழும் மலையாளிப் பழங்குடிகளைப் பார்த்து, நாட்டுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

எதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? "புவி சூடாகிறது, பசுமை ஆற்றல் வேண்டும்" என்று பதில் வருகிறது. இந்தப் பதிலைக் கேட்டதும் நம்மில் பலர் வாயை மூடிக்கொள்கிறோம். பருவநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம். புவி சூடாவது உண்மை. நிலக்கரியை விட்டு வெளியேறியாக வேண்டும் என்பதும் உண்மை. வெளியேறும் வழியை யாருடைய நிலத்தின் மேல், யாரைக் கேட்டுப் போடுகிறார்கள் என்று கேட்பது இந்த உண்மைகளுக்கு எதிரானது அல்ல. சாதி ஒழிப்பு பேசுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

மேலே யார், கீழே யார்?

கொல்லிமலைக்குப் போனவர்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் தெரியும். செம்மேடும், அறப்பளீசுவரர் கோயிலும், ஆகாய கங்கை அருவியும் தெரியும். அருவியில் குளித்துவிட்டு, அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவோம். அருவிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. மலைமேல் உள்ள சிற்றோடைகள் சேர்ந்து அய்யாறாகி, அருவியாக விழுந்து, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்கு இறங்குகின்றன. இறங்கும் வழியெல்லாம் நெல்வயலுக்கும், காப்பிக்கும், மாட்டுக்கும், மனிதருக்கும் அதே தண்ணீர்தான்.

திட்டம் இந்த ஓடைகளின் குறுக்கே சிறு தடுப்பணைகளைக் கட்டி, நீரைத் திருப்பிக் குழாய் வழியாக மலையடிவாரத்துக்கு இறக்கி, அங்கே சுழலியைச் சுற்ற வைக்கிறது. நேர்மையாகச் சொல்வதானால் இது மேட்டூர் போன்ற பேரணை அல்ல. பெரிய நீர்த்தேக்கம் வந்து ஊர்களை மூழ்கடிக்கப் போவதில்லை. "தண்ணீரை நாங்கள் குடித்துவிடப் போவதில்லை, சுழலியைச் சுற்றியபின் கீழே விட்டுவிடுவோம்" என்று பொறியாளர்கள் சொல்வதும் சரிதான். ஆனால் கீழேதானே விடுகிறார்கள்? தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஓடையின் கதி என்ன? அங்கே கால் வைத்திருக்கும் வயல், அங்கே இறங்கும் மாடு, அங்கே குடம் நிரப்பும் பெண், இவர்கள் எல்லாம் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? மலை ஓடையின் முழு வாழ்வும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பொறியியல் வரைபடத்தில் அது வெறும் உயர வேறுபாடு.

இன்னொன்றும் உண்டு. மாநிலத்தின் மின்தேவை உச்சத்துக்குப் போவது ஏப்ரலிலும் மே மாதத்திலும். கொல்லிமலை ஓடைகள் மெலிந்து கிடப்பதும் அதே மாதங்களில்தான். தேக்கி வைக்கப் பெரிய அணை இல்லாத திட்டம், ஓடையில் ஓடுவதைத்தான் மின்சாரமாக்க முடியும். வெயிலைச் சமாளிக்க என்று சொல்லிக் கட்டப்படுகிற திட்டம், வெயில் உச்சத்தில் இருக்கும்போது குறைவாகவே தரும். அந்த மெலிந்த நீரையும் திருப்பினால் மலைக்கு மிஞ்சுவது வெறும் பாறை. மழை பொய்க்கும் ஆண்டுகள் கூடிக்கொண்டே போகும் காலத்தில், ஓடை நீரை நம்பி முதலீடு செய்வதே பருவநிலை மாற்றத்தைப் புரிந்துகொள்ளாத செயல்.

20 என்ற எண்ணின் மகிமை

ஏன் 20 மெகாவாட் என்பதைக் கவனிக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நீர்மின் திட்டங்களுக்குத்தான் முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதி தேவை. 25-க்குக் கீழே என்றால் அந்த அறிவிக்கையின் கீழ் தாக்க மதிப்பீடும் வேண்டாம், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டாம். ஒன்றிய அரசின் வகைப்பாட்டில் 25 மெகாவாட் வரை "சிறு நீர்மின் திட்டம்". அப்படியென்றால் புதுப்பிக்கத்தக்க ஆற்றல். அப்படியென்றால் பசுமை.

யாருக்குச் சிறியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மின்வாரியத்தின் கணக்கில் அது சிறியது. ஓடையின் கணக்கில் அதுதான் மொத்தமும். சென்னையில் இருந்து பார்த்தால் சிறியதாகத் தெரிவது, அந்த நாட்டாரின் ஒரே நீர் ஆதாரமாக இருக்கலாம். அளவுகோலைத் தயாரித்தவர்கள் ஓடைக்கரையில் இருப்பவர்கள் அல்லர் என்பதால்தான் அளவு இப்படி வருகிறது.

சுற்றுச்சூழல் சட்டம் கைவிட்டால் வனச்சட்டம் காப்பாற்றும் என்று நினைக்கலாம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்குத் தனி நில உரிமையோடு, காட்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்குத் தருகிறது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்துக்கு என்ன நேர்ந்தது? 2008-ல் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவைக் காரணம் காட்டிப் பட்டா வழங்குவது முடங்கியது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும்வரை எட்டு ஆண்டுகள் போயின. ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போகும் காலம் அது. பழங்குடிப் பகுதிகளுக்கான அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழ்நாட்டின் ஒரு கிராமம்கூட இல்லை. அதனால் அட்டவணைப் பகுதிகளில் கிராமசபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே செல்லாது. வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற ஒன்றிய அரசு இறுதி ஒப்புதல் தருமுன் கிராமசபையின் இசைவு இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாட்டையும் 2022-ஆம் ஆண்டு விதிகள் எடுத்துவிட்டன. ஒவ்வொரு கதவாகச் சாத்திவிட்டு, "மக்கள் ஏன் சட்டப்படி வரவில்லை?" என்று கேட்கிறார்கள்.

கூரையின் உரிமையாளர்

20 மெகாவாட்டுக்கு மாற்றே இல்லையா? ஒரு கிலோவாட் சூரியத் தகடு வைக்க ஏறக்குறைய 100 சதுர அடி கூரை வேண்டும். 20 மெகாவாட்டுக்கு 20 லட்சம் சதுர அடி. ஏக்கரில் சொன்னால் ஐம்பதுக்கும் குறைவு. கொல்லிமலையை விட்டு இறங்கினால் நாமக்கல். கோழிப்பண்ணைகளின் ஊர், லாரி பாடி கட்டும் பட்டறைகளின் ஊர். பக்கத்திலேயே சேலத்து ஜவ்வரிசி ஆலைகள், தறிக்கூடங்கள், பொறியியல் கல்லூரிகள், அரசு அலுவலகங்கள். இத்தனை கூரைகளில் ஐம்பது ஏக்கர் தேறாதா? சூரியன் இரவில் இல்லை, ஓடை இரவிலும் ஓடும் என்ற வேறுபாடு எனக்கும் தெரியும். அதற்காக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூரை எடுத்தாலும், சேமக்கலன் வைத்தாலும், அது சமவெளிக்குள்ளேயே முடியும் வேலை.

ஆனால் கூரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. கூரைக்கு உரிமையாளர் இருக்கிறார். அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு மானியம் தரவேண்டும். அவர் தரும் மின்சாரத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். 2024-ல் ஒன்றிய அரசு தொடங்கிய கூரைச் சூரியத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். சொந்த வீடும் உறுதியான கூரையும் உள்ளவர்களிடம் அரசு கையேந்திக் கெஞ்சுகிறது, "உங்கள் கூரையைக் கொடுங்கள், பணமும் தருகிறோம்" என்று. மலை ஓடைக்கு வந்தால் அதே அரசு கேட்கவும் இல்லை, வாடகை தரவும் இல்லை.

தோழர்களே, சாதி இங்கேதான் வேலை செய்கிறது. சாதி என்றால் தேநீர்க்கடையில் தனிக்குவளை மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இது தெரியாது. யாருடைய சொத்து சொத்தாக மதிக்கப்படுகிறது, யாருடைய சொத்து "இயற்கை வளம்" என்று பொதுக்கணக்கில் எழுதப்படுகிறது என்பதும் சாதிதான். ஆதிக்க சாதிக்காரரின் கோழிப்பண்ணைக் கூரை தனியுடைமை. மலையாளியின் ஓடை தேசத்தின் உடைமை. தலித் குடியிருப்பிலோ மலைக் கிராமத்திலோ பட்டா இல்லாத வீட்டில், ஆஸ்பெஸ்டாஸ் தகரத்தின் கீழ் வேகிறவருக்கு அந்த 78,000 ரூபாயும் எட்டாது. தகடு மாட்ட உறுதியான கூரை வேண்டும், கூரை கட்ட நிலம் வேண்டும், நிலத்துக்குப் பட்டா வேண்டும். பசுமையின் பலன் பட்டா உள்ளவருக்கும், பசுமையின் பாரம் பட்டா இல்லாதவருக்கும் போய்ச் சேருகிறது.

இந்த மலை இதுவரை கொடுத்தது

கொல்லிமலையிடம் "நாட்டுக்காக" என்று கேட்பது இது முதல்முறையும் அல்ல. மேட்டூரில் இயங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்காக இந்த மலையில் பாக்சைட் தோண்டினார்கள். ஆலை பின்னர் வேதாந்தா குழுமத்தின் கைக்குப் போனது. உரிய அனுமதி இல்லாமல் தோண்டுகிறார்கள் என்று நீதிமன்றத்துக்கு வழக்குப் போனபிறகே, 2008-ஐ ஒட்டி, சுரங்கம் நின்றது. அலுமினியம் யாருக்குப் போனதோ, தோண்டிய குழி மலைக்கு நின்றது.

அதே வேதாந்தா ஒடிசாவின் நியம்கிரி மலையையும் பாக்சைட்டுக்காகக் கேட்டது. 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராமசபைகளைக் கேளுங்கள் என்றது. டோங்ரியா கோந்து மக்களின் 12 கிராமசபைகளும் கூடின. 12-ம் முடியாது என்றன. திட்டம் போனது. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால்தான் கேட்காமல் இருக்கும் வழிகளைத் தேடுகிறார்கள்.

காட்டைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்களையும் மலையாளி மக்கள் பார்த்திருக்கிறார்கள். 1992 ஜூன் 20-ல் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக் கூட்டம் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது. வீடுகளை இடித்தது, தானியத்தைப் பாழாக்கியது. 269 பேர் மீது வழக்கு. தீர்ப்பு வரும்முன் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் சொன்னது. 2023-ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள். அந்த மக்களும் மலையாளிப் பழங்குடிகளே. காட்டைக் காக்க ஒருமுறை, அலுமினியத்துக்கு ஒருமுறை, இப்போது புவியைக் காக்க ஒருமுறை. காரணம் மாறுகிறது, கேட்காமல் நுழையும் கால் மாறவில்லை.

ஆண்டுதோறும் ஆடி மாதம் செம்மேட்டில் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஆண்ட மலையாம். ஓரிக்கு மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வள்ளல் விரும்பிக் கொடுப்பவன். கேட்காமல் எடுத்துக்கொண்டு போவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

"அப்படியானால் நிலக்கரியா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நிலக்கரியும் யாருடைய தலையில் விடிந்தது என்று பாருங்கள். எண்ணூரில் சாம்பலைச் சுவாசிப்பவர்கள் மீனவர்களும் தலித்துகளும் உழைக்கும் ஏழைகளும். நெய்வேலியில் நிலத்தை இழந்தவர்களுக்கு இன்னும் நியாயம் கிடைத்து முடியவில்லை. நிலக்கரியிலும் நாமே விறகு, பசுமையிலும் நாமே விறகு என்றால், மாறியது அடுப்பு மட்டும்தான். அதனால்தான் ஆற்றல் மாற்றம் வேண்டும் என்கிறோம், அது நீதியோடு வேண்டும் என்கிறோம். நீதி இல்லாமல் வரும் மாற்றத்தை மக்கள் எதிர்ப்பார்கள். அந்த எதிர்ப்பை நிலக்கரி முதலாளிகள் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்வார்கள்.

"மின்சாரத்தையே எதிர்க்கிறீர்களா?" என்றும் கேட்பார்கள். எதிர்க்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் அம்பேத்கர். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. மின்சாரம் மலிவாகவும் தட்டுப்பாடின்றியும் கிடைக்க வேண்டும், அது அரசின் கையில் இருக்க வேண்டும் என்று வாதிட்டவர் அவர். இயந்திரமும் மின்சாரமும் ஒடுக்கப்பட்டவரின் முதுகுச் சுமையை இறக்கும் என்று நம்பியவரின் பிள்ளைகள் நாம். அதே அம்பேத்கர்தான் 1927-ல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு மின்சாரத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

வெயிலைத் தாங்கும் அறிவு

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு. ஆனால் வெயிலைத் தாங்குவது செத்தபின் தரும் பணத்தில் இல்லை, உயிரோடு இருக்கும்போது உண்ணும் சோற்றிலும் குடிக்கும் நீரிலும் இருக்கிறது.

அந்த அறிவு கொல்லிமலையில் இருந்தது. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று மழையை மட்டும் நம்பி, கற்கள் நிறைந்த சரிவிலும் விளையும் தானியங்களை இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்து, விதை எடுத்து, காப்பாற்றி வந்தார்கள். பிறகு என்ன ஆனது? ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி தேவைப்பட்டது. கையில் காசு தரும் பயிர் அதுதான் என்றானது. ரேஷனில் அரிசி வந்தது. சாமையைக் குத்திப் புடைத்துச் சோறாக்கும் வேலை முழுக்கப் பெண்களின் தோளில் இருந்தது, அவர்கள் அரிசிக்கு மாறியதில் குற்றமே இல்லை. சாமை நிலம் சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே விதை வங்கிகளையும் உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்து வேலை செய்தது. குத்தும் சுமை குறைந்தால் பெண்கள் சாமைக்குத் திரும்புவார்கள் என்பது அந்த வேலை சொல்லும் பாடம். அந்த இயந்திரம் ஓடவும் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை வேண்டாம் என்று எந்த மலைப்பெண்ணும் சொல்லவில்லை.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நட்சத்திர விடுதியில் சாமைப் பாயசம் பரிமாறினார்கள். மலைவாழ் மக்களின் "பாரம்பரியம்" பற்றிக் கண்ணீர் மல்கப் பேசினார்கள். பாரம்பரியத்தைப் போற்றிவிட்டு அதை விளைவிக்கும் மனிதரின் ஓடையைப் பிடுங்குவதை எப்படிப் புரிந்துகொள்வது? உழைப்பவரின் விளைச்சல் தட்டுக்கு வரலாம், உழைப்பவர் மேசைக்கு வரக்கூடாது. நமக்குப் பழக்கமான ஏற்பாடுதானே இது!

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

இதைச் சொல்லும்போது நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். "தலித், பழங்குடி மக்கள்" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். பழங்குடி என்ற சொல் அதில் வால்போலத் தொங்குகிறது. 2011 கணக்கெடுப்பில் 7,94,697 பேர், மாநில மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. வாக்கு வங்கி ஆகாத எண். அதனால் கட்சிகளுக்குக் கவலை இல்லை. நமக்குமா? கொல்லிமலையில் பழங்குடி என்று ஏற்கப்படும் மலையாளி, ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பட்டியலில் இல்லை, பழைய மாவட்ட எல்லையை வைத்து எழுதிய பட்டியல் என்பதால். இதற்காக நாம் எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம்?

மலையில் எல்லாம் சமத்துவம் என்று கதை கட்டவும் வேண்டாம். காஞ்சியிலிருந்து வந்தோம் என்ற தோற்றக் கதையும், கவுண்டர் என்ற பட்டமும் அங்கேயும் உண்டு. சாதியின் நிழல் 70 வளைவுகளையும் ஏறிவிட்டது. கிராமசபையில் பெண் வாய் திறக்க முடிகிறதா, நிலம் இல்லாதவர் பேச முடிகிறதா என்பதையும் நாம் கேட்க வேண்டும். குறை இல்லாத மக்களுக்குத்தான் உரிமை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஓடைகளை நம்பியுள்ள ஒவ்வொரு கிராமத்திலும் கிராமசபை கூட்டப்பட வேண்டும். எந்த மாதத்தில் எவ்வளவு நீர் திருப்பப்படும், ஓடையில் எவ்வளவு விடப்படும் என்பதைத் தமிழில் அச்சிட்டு அந்தச் சபையில் வைக்க வேண்டும். முடியாது என்று சபை சொன்னால் அது முடிவாக இருக்க வேண்டும். அதுவரை பணி நிற்க வேண்டும். 25 மெகாவாட்டுக்குக் கீழ் என்ற விலக்கு, பழங்குடிகள் வாழும் மலைகளிலாவது நீக்கப்பட வேண்டும். கொல்லிமலையின் சமூக வன உரிமைகள் முழுமையாக ஏற்கப்பட வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளிகளின் கூரைகளிலும், பட்டாவோடு கட்டித்தரும் வீடுகளின் கூரைகளிலும் அரசு செலவில் சூரியத் தகடு வர வேண்டும். மலையின் சாமையை நல்ல விலைக்கு வாங்கி, காலை உணவுத் திட்டத்துக்கும் ரேஷன் கடைக்கும் கொடுக்க வேண்டும்.

அடுத்தமுறை கொல்லிமலைக்குப் போனால் அருவியோடு திரும்பிவிடாதீர்கள். ஓடைக்கரை ஊர்களில் உட்கார்ந்து, உங்களிடம் யாராவது வந்து கேட்டார்களா என்று விசாரியுங்கள். கிடைக்கும் பதிலை இறங்கி வந்து எழுதுங்கள், பேசுங்கள், கிராமசபை கூடும் நாளில் அவர்களோடு நில்லுங்கள். உங்கள் ஊர்க் கோழிப்பண்ணையின் கூரைக்கு அரசு கேட்கும் அனுமதியை, அவர்களின் ஓடைக்கும் கேட்க வையுங்கள்.